காயக் கணக்குக்கு அரசு காசு: யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது

கேள்வி: அமெரிக்காவில் கிடங்குத் தொழிலாளர்களுக்காக இயங்கும் சிறிய லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றில் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். வேலையில் அடிபட்டவர்கள், முதுகு போனவர்கள், மணிக்கட்டு மரத்துப்போனவர்கள் எங்களிடம் வரும்போது விவரம் கேட்டு ஓர் எக்செல் கோப்பில் எழுதிவைக்கிறோம். சில நூறு பேர் சேர்ந்துவிட்டார்கள். பணியிடக் காயம், நோய் பற்றிய தரவு சேகரிக்க ஃபெடரல் அரசு மானியம் தருகிறது என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் படித்துவிட்டு, உடனே விண்ணப்பிக்கச் சொல்கிறார். அறிவிப்பைப் பார்த்தால் மாநில அரசு அமைப்புகளுக்குத்தான் என்று போட்டிருக்கிறது. நாங்கள் விண்ணப்பிக்க வழி உண்டா? இல்லையென்றால் எங்கள் கணக்குக்கு யார் காசு தருவார்கள்? அரசிடமே எண்ணிக்கை இருக்கும்போது எங்களுடையதற்கு மதிப்புதான் உண்டா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறேன்: வழி இல்லை. அந்த அறிவிப்புக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்து ஒரு மாதத்தை வீணாக்காதீர்கள். ஆனால் ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் அதிலேயே கிடைத்துவிடும் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1970-இல் வந்த பணியிடப் பாதுகாப்பு மற்றும் சுகாதாரச் சட்டத்தை எல்லாரும் ஓஷாவோடு, அதாவது பணியிடப் பாதுகாப்பை மேற்பார்வை செய்யும் ஃபெடரல் அமைப்போடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆய்வாளர் வருவார், அபராதம் போடுவார், அவ்வளவுதான் அந்தச் சட்டம் என்று. அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவு புள்ளிவிவரம் பற்றியது. நாடு முழுவதும் வேலையில் எத்தனை பேர் காயப்படுகிறார்கள், நோயுறுகிறார்கள், சாகிறார்கள் என்று கணக்கு வைப்பது தொழிலாளர் துறைச் செயலரின் பொறுப்பு என்கிறது அது. அதற்காக மாநிலங்களுக்கோ அவற்றின் உட்பிரிவுகளுக்கோ மானியம் தரலாம். செலவில் 50 சதவீதம் வரைதான் தரலாம் என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. உங்கள் நிர்வாகக் குழு உறுப்பினர் படித்தது இதன் வழிவந்த அறிவிப்பைத்தான். நடைமுறையில் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம், அதாவது பி.எல்.எஸ், பெரும்பாலான மாநிலங்களுடன் தனித்தனியாகக் கூட்டுறவு ஒப்பந்தம் போடுகிறது. பெரும்பாலும் மாநிலத் தொழிலாளர் துறை, சில இடங்களில் சுகாதாரத் துறை கையெழுத்திடும். பாதிச் செலவை மாநிலம் தன் கையிலிருந்து போட வேண்டும். வேறொரு ஃபெடரல் மானியத்தில் வந்த காசை அந்தப் பாதிக்குக் காட்ட முடியாது.

அறிவிப்பில் 'தரவு சேகரிப்பு' என்று பார்த்ததும், யாரிடம் என்ன கேட்பது என்பதை வாங்குபவர் தீர்மானிக்கலாம் என்று தோன்றும். அப்படி இல்லை. எதைச் சேகரிக்க வேண்டும், எந்தப் படிவத்தில், எந்தக் குறியீட்டில், எந்தத் தேதிக்குள் என்று எல்லாவற்றையும் பி.எல்.எஸ் தீர்மானித்துவிடுகிறது. தேசியக் கணக்கில் அந்த மாநிலத்துக்கான பகுதியைச் செய்துகொடுக்கும் கூலிதான் இந்தப் பணம். மாநில ஊழியர்களின் சம்பளமாகவே பெரும்பகுதி போய்விடும்.

அந்த வேலை இரண்டு வகை. முதலாவது ஆண்டுதோறும் நடக்கும் காயம் மற்றும் நோய் சர்வே. ஏறத்தாழ இரண்டு லட்சம் நிறுவனங்களை மாதிரியாக எடுத்து, காயங்களையும் நோய்களையும் அவர்கள் எழுதிவைக்க வேண்டிய ஓஷா 300 பதிவேட்டில் இருப்பதைக் கேட்டு வாங்குகிறார்கள். பத்துப் பேரோ அதற்கும் குறைவாகவோ வேலை செய்யும் சின்ன நிறுவனம், சாதாரணமாகப் பதிவேடு வைக்கத் தேவையில்லாதது கூட, சர்வேயில் சிக்கினால் அந்த ஆண்டு பதிவேடு வைத்தே ஆக வேண்டும். 2023-இல் தனியார் துறையில் சுமார் 26 லட்சம் காயங்களும் நோய்களும் என்று வந்த எண் இதிலிருந்து வந்ததுதான்.

இரண்டாவது, மரணக் கணக்கு. இது சர்வே கிடையாது. ஒவ்வொரு சாவையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள். 1987-இல் தேசிய ஆராய்ச்சிக் குழு ஒன்று, இந்த நாட்டின் காயக் கணக்கு நம்பும்படியாக இல்லை என்று சொன்ன பிறகு உருவாகி, 1992 தரவு முதல் நாடு முழுவதற்கும் வந்தது. இறப்புச் சான்றிதழ், தொழிலாளர் இழப்பீட்டுக் கோப்பு, காவல்துறை அறிக்கை, ஓஷா அறிக்கை, நாளிதழ்ச் செய்தி என்று தேடி, குறைந்தது இரண்டு தனித்தனி ஆதாரங்களாவது கிடைத்தால்தான் பொதுவாக ஒரு சாவு 'வேலையில் நேர்ந்தது' என்று எண்ணப்படும். 2023-இல் 5,283 பேர். என்னைக் கேட்டால் இந்தத் துறையில் ஃபெடரல் அரசு செலவிடும் காசில் உருப்படியாகப் போய்ச் சேரும் காசு இதுதான். சாலை விபத்தில் இறந்த ஒருவர் சொந்த வேலையாகப் போனாரா, பார்சல் கொடுக்கப் போனாரா என்று ஒரு மாநில ஊழியர் நாள்கணக்கில் தோண்டுவதற்கு வேறு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

இந்த இரண்டுக்கும் இடையே ஒரு வித்தியாசம் உங்களுக்கு முக்கியம். சர்வேயில் சுயதொழில் செய்பவர்கள் வர மாட்டார்கள். பதினொரு பேருக்குக் குறைவான பண்ணைகள், வீட்டு வேலை செய்பவர்கள், ஃபெடரல் அரசு ஊழியர்கள் ஆகியோரும் வர மாட்டார்கள். மரணக் கணக்கில் எல்லாரும் வருவார்கள். சொந்த வண்டியில் 'சுயேச்சை ஒப்பந்தக்காரர்' என்ற பெயரில் பொருள் ஏற்றிப்போகிற ஓட்டுநர் கால் முறிந்தால் எந்த எண்ணிலும் இல்லை; செத்தால்தான் கணக்கில் வருவார். உங்கள் எக்செல் கோப்பில் அப்படிப்பட்ட ஓட்டுநர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப்பாருங்கள்.

சரி, சட்டத்தைக் கொஞ்சம் வளைத்து உங்களை உள்ளே விட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்களுக்கு அது ஒத்துவராது. பி.எல்.எஸ் சார்பாகச் சேகரிக்கப்படும் தகவல் ரகசியக் காப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதைத் தொடுகிற மாநில ஊழியர் ஒவ்வொருவரும் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வேண்டும். மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். புள்ளிவிவரத்துக்குத் தவிர வேறெதற்கும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஆய்வாளரை அனுப்பக்கூட உதவாது. எந்தக் கிடங்கு ஆட்களின் முதுகை ஒடிக்கிறது என்று வெளியே சொல்வதுதானே உங்கள் அமைப்பின் வேலை? இந்தக் காசை வாங்கினால் அதைச் சொல்லும் வாயைக் கட்டிக்கொண்டுதான் வாங்க வேண்டும். இந்த ரகசியக் காப்பைக் குறை சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நிறுவனங்கள் உண்மையை எழுதவே மாட்டா. ஆனால் அது உங்கள் பாதை இல்லை.

இப்போது மூன்றாவது கேள்வி. இரண்டாவதை விட இது பெரியது என்பதால் இதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அரசின் எண், முதலாளி எழுதிவைத்த பதிவேட்டின் நிழல். பதிவேட்டில் ஏறாதது சர்வேயில் ஏறாது. 2006-இல் வெளியான மிச்சிகன் ஆய்வு ஒன்று, சர்வேயையும் இழப்பீட்டுக் கோப்புகளையும் வேறு பதிவுகளையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, அந்த மாநிலத்தின் காயங்களிலும் நோய்களிலும் மூன்றில் இரண்டு பங்கு வரை தேசியக் கணக்கு தவறவிடுகிறது என்று மதிப்பிட்டது. அதற்குப் பின் நாடாளுமன்றத்தில் விசாரணை, கணக்குத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை எல்லாம் வந்தன. 2009 முதல் பி.எல்.எஸ்ஸே காசு கொடுத்து கலிஃபோர்னியா, மாசசூசெட்ஸ், வாஷிங்டன் மாநிலங்களில் ஏன் விடுபடுகிறது என்று ஆராய வைத்தது. விடுபடும் அளவு எவ்வளவு என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வித்தியாசம் இருக்கிறது. விடுபடுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஏன் விடுபடுகிறது என்று பார்த்தால், எல்லாம் திருட்டுத்தனம் என்று சொல்லிவிட முடியாது. விதியே சிக்கலானது. முதலுதவியோடு முடிந்த காயத்தைப் பதிய வேண்டாம். அதைத் தாண்டிய மருத்துவம், ஒரு நாளாவது விடுப்பு, இலகுவான வேலைக்கு மாற்றம், மயக்கம் போன்றவற்றில் ஒன்று நடந்தால்தான் பதிய வேண்டும். ஐஸ் கட்டி வைப்பது முதலுதவி. கடையில் கிடைக்கும் வலிமாத்திரை முதலுதவி. அதே மருந்தை மருத்துவர் சீட்டு தேவைப்படும் அளவில் கொடுத்தால் அது மருத்துவம். இந்த எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்த நிறுவனம், காயத்தைக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிறுத்திவைக்கக் கற்றுக்கொள்ளும். வளாகத்துக்குள்ளேயே ஓர் அறை, அங்கே ஐஸ், மாத்திரை, 'நாளைக்கு வா பார்க்கலாம்'. அப்படியே வாரங்கள் ஓடிவிடும்.

அப்புறம், தற்காலிக ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக வருபவர்கள். உங்கள் ஆட்களில் பெரும்பாலோர் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். சம்பளம் கொடுப்பது ஏஜென்சி, தினமும் வேலை வாங்குவது கிடங்கு. காயத்தை யார் பதிய வேண்டும்? அன்றாடம் மேற்பார்வை செய்கிறவர் பதிய வேண்டும் என்பதுதான் விதி. அதாவது கிடங்கு. 'அவர் எங்கள் ஆள் இல்லையே' என்று கிடங்கும், 'அங்கே நடந்தது எங்களுக்கு எப்படித் தெரியும்' என்று ஏஜென்சியும் கைவிரித்தால் இரண்டு பதிவேடுகளிலும் அது இருக்காது.

நோய்கள் விஷயம் இன்னும் மோசம். சிலிக்கா தூசியோ கல்நாரோ நுரையீரலில் தங்கி, வருடங்கள் கழித்து, அந்த ஆள் மூன்று வேலை மாறிய பிறகு வெளிப்படும். எந்த முதலாளியின் எந்த ஆண்டுப் பதிவேட்டில் எழுதுவது? இது பி.எல்.எஸ்ஸே ஒப்புக்கொள்கிற குறைதான். உங்கள் வேலைக்கு இது நேரடியாகச் சம்பந்தமில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

ஆகவே உங்கள் கோப்புக்கு மதிப்பு உண்டு. ஆனால் நீங்கள் நினைக்கிற விதத்தில் இல்லை. 'நாங்களும் எண்ணினோம், இத்தனை பேர்' என்று போய் நின்றால் ஒரு புள்ளிவிவரக்காரர் உங்களை இரண்டு கேள்விகளில் உட்காரவைத்துவிடுவார். உங்களைத் தேடி வந்தவர்கள்தானே இதில் இருக்கிறார்கள், வராதவர்கள் எத்தனை? மொத்தம் எத்தனை மணிநேர வேலையில் இத்தனை காயம்? அரசு விகிதம் என்பது காயங்களின் எண்ணிக்கையை 2,00,000-ஆல் பெருக்கி, எல்லாரும் உழைத்த மொத்த மணிநேரத்தால் வகுப்பது. வாரம் 40 மணிநேரம், ஆண்டுக்கு 50 வாரம், 100 பேர்: அதுதான் அந்த 2,00,000. வகுக்க அந்த மொத்த மணிநேரம் உங்களிடம் இல்லை. ஆகவே உங்களால் விகிதம் சொல்ல முடியாது. சொல்ல முயலவும் வேண்டாம்.

உங்களால் சொல்ல முடிந்தது வேறு. உங்களிடம் இருக்கும் காயங்களில் எத்தனை, சட்டப்படி பதிவேட்டில் இருந்திருக்க வேண்டும்? அவற்றில் எத்தனை உண்மையில் இருக்கின்றன? இந்த இடைவெளியைக் காட்ட மணிநேரமும் தேவையில்லை, எல்லாரும் உங்களிடம் வந்திருக்கவும் தேவையில்லை. அரசின் கணக்கு எங்கே ஓட்டையாக இருக்கிறது என்பதைப் பெயர், தேதி, ஆதாரத்தோடு காட்டக் கூடியவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். மாநில ஊழியருக்கு அது தெரிய வழியில்லை. அவர் கையில் இருப்பது முதலாளி அனுப்பிய தாள் மட்டுமே.

அந்தப் பதிவேட்டை எப்படிப் பார்ப்பது என்று கேட்பீர்கள். இதற்கு மானியம் வேண்டாம், ஒரு கடிதம் போதும். ஓஷாவின் பதிவேட்டு விதிப்படி, ஒரு தொழிலாளி, முன்னாள் தொழிலாளி, அல்லது அவர் எழுத்தில் நியமித்த தனிப் பிரதிநிதி கேட்டால், அவர் வேலை செய்த இடத்தின் 300 பதிவேட்டின் நகலை அடுத்த வேலைநாள் முடிவதற்குள் நிறுவனம் கொடுத்தாக வேண்டும். முதல் நகலுக்குக் காசு வாங்கக் கூடாது. பெயர்களை மறைக்கவும் கூடாது, அந்தரங்கம் கருதிப் பெயர் எழுதாமல் விடப்படும் சில வகை வழக்குகளைத் தவிர. அந்தப் பிரதிநிதி வழக்கறிஞராக இருக்க வேண்டும் என்பதில்லை. 'எனக்காக இவர் கேட்கலாம்' என்று தொழிலாளி கையெழுத்திட்டுக் கொடுத்தால் உங்கள் ஊழியர் ஒருவரே போதும். பதிவேடுகளை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதால் பழையவற்றையும் கேட்கலாம்.

இந்த உரிமை பல ஆண்டுகளாக இருக்கிறது. பயன்படுத்துகிறவர்கள் குறைவு. நடைமுறையில் வேலையை விட்டுப் போனவர்கள் பெயரில் முதலில் கேளுங்கள். இப்போது வேலையில் இருப்பவர் பெயரில் கேட்டால் அவர்மேல் கண் விழும். பழிவாங்கல் சட்டவிரோதம்தான், ஆனால் அதைப் பற்றி ஓஷாவிடம் புகார் செய்ய 30 நாள்தான் அவகாசம். பதிவேட்டைக் கேட்கும் முன்பே அந்த 30 நாள் கெடுவைத் தொழிலாளிக்குச் சொல்லிவிடுங்கள். கடிதத்தை மேலாளர் கையில் நேரில் கொடுத்து, கொடுத்த தேதியை நகலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதோடு ஓஷா இலவசமாகவே வெளியிடும் தரவு ஒன்று இருக்கிறது. ஆபத்து அதிகம் என்று குறிக்கப்பட்ட தொழில்களில் 20 பேரும் அதற்கு மேலும் வைத்திருக்கும் இடங்கள் ஆண்டுச் சுருக்கமான 300ஏ படிவத்தை இணையத்தில் ஓஷாவுக்கு அனுப்ப வேண்டும். கிடங்குத் தொழில் அந்தப் பட்டியலில் உண்டு. அது நிறுவனப் பெயரோடு, முகவரியோடு, மொத்த மணிநேரத்தோடு பொதுவில் கிடக்கிறது. மேலே சொன்ன வகுத்தலுக்குத் தேவையான மணிநேரம் இங்கே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். முதலாளி சொன்ன எண்ணை வைத்தே முதலாளியின் விகிதத்தை நீங்கள் போட்டுக்கொள்ளலாம். 2024 ஜனவரி முதல், மிக ஆபத்தான தொழில்களில் 100 பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்கள் ஒவ்வொரு காயத்தின் விவரத்தையும் அனுப்ப வேண்டும். பெயர் நீக்கி அதுவும் வெளியிடப்படுகிறது. 2015 முதல் உறுப்பு வெட்டுப்படுதல், கண் இழப்பு, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக் காயம் எதுவானாலும் 24 மணிநேரத்தில் ஓஷாவுக்குச் சொல்ல வேண்டும் என்றிருக்கிறது. அந்தப் பட்டியலையும் தரவிறக்கலாம். சொந்த ஓஷா திட்டம் நடத்தும் மாநிலங்கள் அந்தக் கடைசிப் பட்டியலில் வராது. உங்கள் மாநிலம் அதில் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது காசு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களுக்குப் பொருந்தும் ஃபெடரல் வாசல் தொழிலாளர் துறையில் இல்லை, சுகாதாரத் துறையில் இருக்கிறது. அதே 1970 சட்டம் உருவாக்கிய ஆராய்ச்சி நிறுவனம் நியோஷ். அது மாநிலச் சுகாதாரத் துறைகளுக்கு, பணியிட நோய்க் கண்காணிப்புக்கு என்று தனியாகக் கூட்டுறவு ஒப்பந்தங்கள் கொடுத்துவந்திருக்கிறது. முதலாளியின் பதிவேட்டை மட்டும் நம்பாமல், மருத்துவமனைப் பதிவு, ரத்தத்தில் ஈயத்தின் அளவு, ஆஸ்துமா வழக்குகள் என்று வேறு வழிகளில் தேடுவதுதான் அந்தத் திட்டத்தின் வேலை. மாநிலத்தின் சார்பாக ஒரு பல்கலைக்கழகமும் அதை நடத்தலாம். மிச்சிகனில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. இந்தத் திட்டங்களுக்கு மருத்துவமனைக்கே போகாத தொழிலாளிகளை எட்ட ஆள் தேவை. அங்கேதான் உங்கள் அமைப்புக்கு இடம். நீங்கள் மானியம் பெறுபவர் அல்ல. பெற்றவரிடமிருந்து துணை ஒப்பந்தம் பெறுபவர். தொகை சின்னதாக இருக்கும், ஒரு பகுதிநேர ஆளின் சம்பளம் போல. ஆனால் உங்கள் தரவு ஒரு மாநில அறிக்கைக்குள் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. 2025 ஏப்ரலில் நியோஷில் பெரிய ஆட்குறைப்பு அறிவிக்கப்பட்டது. பழைய அறிவிப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு திட்டம் தீட்டாதீர்கள். மாநிலச் சுகாதாரத் துறையில் பணியிட சுகாதாரப் பிரிவு எது என்று கண்டுபிடித்து, இந்த ஆண்டு கையில் என்ன காசு இருக்கிறது என்று நேரில் கேளுங்கள். அப்படியொரு பிரிவே இல்லாத மாநிலங்களும் உண்டு.

நியோஷ் ஆதரவில் பல்கலைக்கழகங்களில் இயங்கும் மையங்கள் சிறிய முன்னோட்ட ஆய்வுகளுக்குத் தொகை ஒதுக்குவது வழக்கம். அதற்கு ஒரு பேராசிரியரின் பெயர் முன்னால் வேண்டும். நான் மேலே சொன்ன பதிவேட்டு ஒப்பீட்டை நீங்கள் ஒரு கேள்வியாக எழுதி எடுத்துப்போனால், அதில் ஆர்வம் காட்ட ஆள் கிடைக்கும். தொழிலாளிகளை அணுக முடியாமல் தவிக்கும் ஆராய்ச்சியாளர்கள் எப்போதும் இருக்கிறார்கள். போகும்போது ஒன்றில் விட்டுக்கொடுக்காதீர்கள்: தரவு யாருடையது, யார் அனுமதி இல்லாமல் வெளியிட முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே எழுத்தில் வையுங்கள்.

உங்கள் குழுவில் யாராவது சூசன் ஹார்வுட் மானியம் என்று சொல்வார்கள். ஓஷா தருவது, லாப நோக்கற்ற அமைப்புகள் நேரடியாக விண்ணப்பிக்கலாம், எல்லாம் சரி. ஆனால் அது பயிற்சிக்கான காசு. 1978-இல் வேறு பெயரில் தொடங்கி, 1997-இல் ஓஷாவின் மறைந்த அதிகாரி ஒருவர் பெயரைப் பெற்றது. பதிவேடு பற்றி, காயத்தை எப்படி அறிவிப்பது என்பது பற்றித் தொழிலாளிகளுக்குப் பயிற்சி கொடுக்க உதவும். கணக்கெடுக்க அதை இழுத்து நீட்ட முயன்றால் தணிக்கையில் இடிக்கும்.

தனியார் அறக்கட்டளைகள் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

யாரிடம் போவதானாலும் கோப்பைச் சரிசெய்துகொண்டு போங்கள். ஒவ்வொரு காயத்துக்கும் தேதி, இடம், அன்றாடம் வேலை வாங்கியது யார், சம்பளம் கொடுத்தது யார், என்ன சிகிச்சை, எத்தனை நாள் விடுப்பு அல்லது மாற்று வேலை, யாரிடம் எப்போது சொன்னார், இவை தனித்தனிப் பத்திகளாக இருக்க வேண்டும். 'முதுகு வலி, டாக்டரிடம் போனார்' என்று ஒரே கட்டத்தில் எழுதிவைத்தால் அது பதிய வேண்டிய காயமா இல்லையா என்று பிறகு யாராலும் முடிவுசெய்ய முடியாது. தொழில், பதவி இரண்டையும் தொழிலாளி சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள். அதை அரசுக் குறியீடாக மாற்ற நியோஷ் ஒரு இலவச மென்பொருள் வைத்திருக்கிறது. நீங்களாக வகைப்படுத்தி வைத்தால் அது உதவாது.

பெயர்களைத் தனிக் கோப்பில் பிரித்து, காயக் கோப்பில் எண் மட்டும் வையுங்கள். பி.எல்.எஸ் தரவுக்கு இருக்கிற சட்டக் காப்பு உங்கள் எக்செலுக்குக் கிடையாது. ஒரு வழக்கில் நீதிமன்றம் கேட்டால் நீங்கள் கொடுக்க வேண்டி வரலாம். ஆவணமில்லாத் தொழிலாளிகள் இருக்கும் கோப்பு என்றால் குடியேற்ற நிலையை எழுதவே எழுதாதீர்கள், எந்த நிதியாளர் கேட்டாலும். ஏற்கெனவே எழுதியிருந்தால் எடுத்துவிடலாமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு, இந்த வாரமே முடிவு செய்யுங்கள்.

கிடங்கில் அல்லது கிடங்குக்குப் பொருள் கொண்டுபோகும் வழியில் யாராவது இறந்தால், அதுவும் சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்றால், உங்கள் மாநிலத்தில் மரணக் கணக்கு நடத்துகிறவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். மானியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவர் அந்த நேரம் வேலையில் இருந்தார் என்பதற்கு உங்களிடம் இருக்கும் குறுஞ்செய்தி அவர்களுக்கு ஒரு ஆதாரமாகலாம். நிறுவன ரீதியாக அவர்களோடு முதல் அறிமுகம் ஏற்படவும் இது நல்ல வழி.

நிர்வாகக் குழுவுக்கு இன்னொரு வேலை கொடுக்கலாம். உங்கள் மாநிலத்துக்கென்று தனியாகக் காயச் சர்வே அட்டவணை பி.எல்.எஸ் தளத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சில மாநிலங்கள் பாதிச் செலவைப் போட விரும்பாமல் சர்வே ஒப்பந்தத்தில் சேருவதே இல்லை. அங்கெல்லாம் பி.எல்.எஸ் தானே தேசிய எண்ணுக்கு வேண்டிய அளவு மட்டும் சேகரித்துக்கொள்ளும். மாநில எண் வராது. உங்களுடையது அப்படிப்பட்ட மாநிலம் என்றால், 'உடனே விண்ணப்பி' என்று சொன்ன அந்த உறுப்பினரே மாநிலச் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கப் போகலாம். பாதியை ஃபெடரல் அரசு கொடுக்கத் தயாராக இருக்கும்போது மீதியை ஏன் நாம் போடவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்வது எந்த உறுப்பினருக்கும் கஷ்டம்.

கடைசியாக, காகித வேலை. துணை ஒப்பந்தம் வாங்கவும் உங்களுக்கு ஃபெடரல் அடையாள எண் வேண்டும். 2022 ஏப்ரல் முதல் பழைய டன்ஸ் எண் செல்லாது. ஃபெடரல் அரசின் சாம் (SAM.gov) இணையதளத்தில் புதிய எண்ணை இலவசமாக வாங்கலாம். துணை ஒப்பந்தக்காரருக்கு எண் மட்டும் போதும், முழுப் பதிவு தேவையில்லை. பதிவு செய்துகொடுக்கிறோம், இத்தனை நூறு டாலர் கட்டுங்கள் என்று அரசுக் கடிதம் போலவே தோற்றமளிக்கும் கடிதங்கள் வரும், குப்பையில் போடுங்கள். மறைமுகச் செலவுக்கென்று, அதாவது வாடகை, கணக்கு எழுதுதல் போன்ற பொது நிர்வாகச் செலவுக்கென்று, அரசோடு பேசி முடித்த விகிதம் உங்களிடம் இல்லையென்றால், 2024 அக்டோபர் முதல் 15 சதவீதம் வரை கேட்கலாம். முன்பு 10 ஆக இருந்தது. மாநில அலுவலர்கள் சிலர் பழைய படிவத்தையே நீட்டுவார்கள். அப்புறம் இந்தக் காசு பெரும்பாலும் செலவு செய்த பிறகுதான் திரும்ப வரும். இரண்டு மூன்று மாதச் சம்பளத்தைத் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு இருக்கிறதா என்று கணக்காளரிடம் கேட்டுவிட்டு மாநிலத்தோடு பேசத் தொடங்குங்கள்.